சிங்கங்கள் சுமந்த சக்கரம்

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தகரப்பெட்டிக்குள் கிடந்த காகிதங்களில் எது எந்தக் காகிதம் என்று தடுமாறாமல் எடுத்துக் கொடுப்பாள். "மூணு சிங்கம் போட்டது பாஸ்போட்டு. ஒத்தைச் சிங்கம் வாளு புடிச்சிருக்கும் பாரு, அது அங்கிட்டுக் குடுத்தது. கோபுரம் போட்டது இங்கிட்டு வந்த பெறகு தாலுகாபீசுல வாங்குனது." அரசாங்கங்களுக்கு அவளிடத்தில் பேர் கிடையாது. முத்திரைதான் பேர்.

திருப்பாலைக்குடிக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. தாத்தாவின் தகப்பனார் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் மண்டபம் முகாமில் ஊசி போட்டுக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இந்தச் சீமையின் சேரிகளிலிருந்து அப்படிப் போனவர்கள் ஒன்றிரண்டு குடும்பமல்ல. 1948இல் சுதந்திரம் வாங்கிய கையோடு இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆள்களைப் பங்கு பிரித்தார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி ஆட்டுக்குட்டி பிரிக்கிற மாதிரி. இந்தியாவின் பங்கில் விழுந்தவள் எங்க அப்பத்தா. 1975இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினாள். "மூணு சிங்கத்தைக் காட்டுனேன், ஏத்திக்கிட்டான். அம்புட்டுத்தேன்" என்பாள்.

பெட்டிக்குள் இருந்த அந்த மூன்று முத்திரைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக அந்த மூணு சிங்கம். உள்ளபடிக்கு நாலு சிங்கம். நாலாவது முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது.

இலச்சினை என்றதும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். கேடயம், கிரீடம், ரெண்டு பக்கமும் மிருகம் என்ற அந்த அமைப்பு வேண்டுமானால் அவனுடையது. காரியம் இங்கேயும் பழையதுதான். நம் ஆள்கள் அதை விருது என்றார்கள். இன்ன சாதிக்கு இன்ன கொடி, இன்னாருக்கு வெள்ளைக்குடை, இன்னாருக்குப் பகலில் தீவட்டி, இன்னார் குதிரையேறி ஊர்வலம் போகலாம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. சென்னைப் பட்டணத்தில் 1707இல் வலங்கைக்காரரும் இடங்கைக்காரரும் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று அடித்துக்கொண்டதில் கும்பினிக்காரனே திணறிப்போனான். வலங்கையில் பறையர் சனமும் உண்டு. அடுத்தவன் விருதுக்கு முன்வரிசையில் நின்று மண்டை உடைபட்டது நம்மாளுகதான்.

எங்கள் கடற்கரையில் இந்த விருதுகளுக்குக் குறைச்சலே கிடையாது. பாண்டியன் கொடியில் மீன். சேதுபதிகளின் செப்பேடுகளில் அனுமக்கொடி, கருடக்கொடி. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் படுத்திருக்கும் நந்தியைப் போட்டு, கீழே 'சேது' என்று எழுதிக் காசு அடித்தார்கள். வலையில் விழுந்த மீன் கொடியில் ஏறியது. வலை போட்டவன் ஏறவில்லை.

விருது என்பது ஒருவனுக்கு உரிமை என்றால் இன்னொருவனுக்குத் தடை. இதை விளக்க வேறு சீமைக்குப் போக வேண்டியதில்லை. 1930 டிசம்பரில் இதே இராமநாதபுரம் ஜில்லாவில் நாட்டார்கள் கூடி தாழ்த்தப்பட்ட சனங்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கமும் வெள்ளியும் போடக் கூடாது. ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மாரை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. கடைசியாக ஒன்று: குடையும் பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்றாயின. 1931ஆம் வருசத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராயிருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அம்பேத்கரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். இராமநாதபுரத்து வெயில் எப்படிப்பட்டது என்று சித்திரையில் ஒரு நாள் வந்து நின்றவர்களுக்குத் தெரியும். குடை அந்த வெயிலுக்கான பொருள் என்று நாம் நினைத்தோம். அது விருது என்று அவர்கள் நினைத்தார்கள்.

இப்படி இருந்த ஊருக்குத்தான் 1950 ஜனவரி 26 அன்று ஒரு புது விருது வந்தது. வெள்ளைக்கார ராசாவின் தலை காசிலிருந்து இறங்கியது. அசோகனின் சிங்கங்கள் ஏறின. அந்த வருசத்துக் காலணாவின் மறுபக்கத்தில் குதிரை, அரையணா ஓரணா ரெண்டணாவில் காளை. இரண்டும் அதே சிங்கத்தூணின் பீடத்திலிருந்து எடுத்தவை. மாப்பிள்ளை குதிரையேறி ஊர்வலம் போனால் கல்லெறி விழுகிற சனத்தின் கையில் கூலியாக அந்தக் குதிரைக் காலணா வந்து விழுந்தது. பீடத்தில் யானையும் உண்டு. 1951-52 தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்புக்கு யானைச் சின்னம் கிடைத்தது.

இந்தத் தூண் எங்கிருந்து வந்தது? காசிக்குப் பக்கத்தில் சாரநாத். புத்தர் முதன்முதலில் ஐந்து பேருக்குத் தம்மம் சொன்ன இடம். தம்மச் சக்கரத்தை உருட்டினார் என்று பௌத்தர்கள் சொல்வது அதைத்தான். அந்த இடத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் இந்தத் தூணை நிறுத்தினான். பிறகு பௌத்தம் அழிக்கப்பட்டு அது மண்மேடானது. 1794இல் காசி ராசாவிடம் திவானாக இருந்த ஜெகத்சிங்கின் ஆட்கள் கடைவீதி கட்டுவதற்குச் செங்கல் வேண்டி அங்கிருந்த பெரிய ஸ்தூபியையே பிரித்தார்கள். உள்ளே பேழையில் எலும்புகள் இருந்தன. அவற்றைக் கங்கையில் விட்டுவிட்டார்கள். நூறு வருசத்துக்கு மேல் கழித்து ஓர்ட்டல் என்ற பொதுப்பணித்துறை எஞ்சினியர் 1904-05 குளிர்காலத்தில் தோண்டினார். 1905 மார்ச்சில் சிங்கங்கள் வெளியே வந்தன. ஏழடி உயரம், சுனார் மணற்கல், முகம் தெரிகிற மாதிரி வழவழப்பு. அதே காலத்தில்தான் இங்கே ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் நாம் பூர்வ பௌத்தர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1907இல் அதைச் சொல்லவே பத்திரிகையும் தொடங்கினார். அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்ததும் இங்கே நம் வாயிலிருந்து வந்ததும் ஒன்றுதான். அது மியூசியத்துக்குப் போனது, இது நூறு வருசம் கிடப்பில் கிடந்தது.

இருபது வருசத்துக்கு முன்னால் நாக்பூர் தீட்சா பூமிக்குப் போன தோழர்களோடு சேர்ந்து நானும் சாரநாத் போனேன். கூடத்துக்குள் நுழைந்ததுமே சிங்கங்கள்தான். எல்லாரும் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். எங்களோடு வந்திருந்த ஒரு ஆசிரியத் தோழர்தான் கூப்பிட்டு இன்னொன்றைக் காட்டினார். உடைந்த கல் துண்டுகள். வளைவாகச் சில, ஆரம்போலச் சில. "இது என்ன தெரியுதா? சிங்கங்க தலைமேல இருந்த சக்கரம்" என்றார்.

எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அந்தத் தூணின் உச்சி சிங்கம் அல்ல. முதுகோடு முதுகாக நின்ற நாலு சிங்கங்களும் சேர்ந்து, முப்பத்திரண்டு ஆரங்கள் கொண்ட ஒரு பெரிய தம்மச் சக்கரத்தை மேலே தாங்கியிருந்தன. எப்போதோ அது உடைந்து விழுந்துவிட்டது. அசோகன் வைத்த வரிசை இது: அடியில் கவிழ்ந்த தாமரை. அதன்மேல் பீடம், அதைச் சுற்றி யானை, காளை, குதிரை, சிங்கம், அவற்றுக்கு நடுநடுவே சின்னச் சக்கரங்கள். அதன்மேல் நாலு பெரிய சிங்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலே சக்கரம். சிங்கம் அரசன், பலம், அதிகாரம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அது தலையில் ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றது.

முழுத்தூணும் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்த படம் ஒன்றை வாங்கிவந்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். எங்க அய்யா கருவேலங்கரி மூட்டை தூக்கி லாரியில் ஏற்றுகிற வேலை பார்த்தவர். நாப்பது வருசம். வலதுபக்கம் கழுத்து ஓரமாகவே சாய்ந்துபோயிருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"சொமையால்லடா தூக்கிட்டு நிக்கிது. அதான் வாயத் தொறந்திருக்கு. பாரம் ஏறுனா வாய் இப்பிடித்தேன் தொறக்கும். மூச்சு வாய் வழியாத்தேன் வரும்."

அறிஞர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். புத்தருக்குச் சாக்கியசிங்கம் என்று பெயர், அவர் சொல்லுக்குச் சிங்கநாதம் என்று பெயர், அது நாலு திசையிலும் கேட்கட்டும் என்றுதான் நாலு வாய்கள். அவர்கள் சொல்வதில் ஆதாரம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்க அய்யா சொன்ன பிறகு எனக்கு அந்தச் சிங்கங்களை வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை. மூட்டை தூக்கியவர்கள் யாரும் இதுவரைக்கும் சிற்பக்கலை பற்றிப் புத்தகம் எழுதவில்லை.

இனி 1950இல் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மேலே இருந்த பெரிய சக்கரம் இல்லை. கீழே இருந்த தாமரை இல்லை. நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சக்கரம் உடைந்துதானே கிடைத்தது, கிடைத்ததை அப்படியே எடுத்தார்கள் என்று சொல்லலாம். நியாயம்தான், அதில் சதி இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாமரை உடையவில்லையே? முழுசாகக் கிடைத்ததையே விட்டிருக்கிறார்கள். அப்படியானால் எதை எடுப்பது, எதை விடுவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். விளைவு என்ன? சக்கரத்தைத் தலையில் சுமந்த சிங்கம், சக்கரத்தின்மேல் ஏறி நிற்கிற சிங்கமாக மாறிவிட்டது. நாம் காண்கிற இலச்சினையில் சக்கரம் சிங்கத்தின் காலடியில் இருக்கிறது.

கொடியில் சக்கரத்தை நடுவில் வைத்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். 1947 ஜூலை 22இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட கொடியில் காந்தியின் ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்தது. அந்தக் கொடிக் குழுவில் அம்பேத்கரும் ஒருவர். ஒன்பது வருசம் கழித்து 1956 அக்டோபர் 14இல் லட்சக்கணக்கான சனங்களோடு அவர் பௌத்தம் தழுவினார். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அசோக விஜயதசமி என்பதால்தான். காசிலும் கொடியிலும் வந்துவிட்ட அசோகனை மனுசன் வாழ்க்கைக்குள்ளும் கொண்டுவர முயன்றவர் அவர் ஒருவர்தான்.

சிங்கத்துக்குக் கீழே ஒரு வாசகமும் சேர்ந்தது. 'சத்யமேவ ஜயதே'. முண்டக உபநிடதத்தில் உள்ளது. சாரநாத் தூணில் அசோகன் வெட்டிவைத்த வாசகம் வேறு. சங்கத்தைப் பிளக்கிறவர் பிக்குவானாலும் பிக்குணியானாலும் வெள்ளைத்துணி உடுத்தி வெளியே அனுப்பப்படுவார் என்பது அது. நிர்வாக உத்தரவு, ஒரு நாட்டின் குறிக்கோளாகப் போட ஏற்றதல்ல என்று சொல்வார்கள். சரி. தம்மபதம் இருந்தது, அசோகனின் மற்றக் கல்வெட்டுகள் அத்தனை இருந்தன. பௌத்தன் தூணுக்குக் கீழே உபநிடதம்தான் எழுதவேண்டியிருந்தது. தி.மு.க. ஆட்சி வந்த பிறகு தமிழ்நாட்டு முத்திரையில் அது 'வாய்மையே வெல்லும்' என்று தமிழானது. தமிழானது நல்லது.

அந்தத் தமிழ்நாட்டு முத்திரைதான் அப்பத்தாவின் மூன்றாவது காகிதம். மாநில முத்திரையில் சிங்கத்தூணுக்குப் பின்னால் ஒரு கோபுரம் எழும்பி நிற்கும். 1949இல் கிருஷ்ணாராவ் என்ற ஓவியர் வரைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், மதுரை மீனாட்சி கோயில் மேலக்கோபுரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் நமக்குக் கோபுரம் என்றால் என்ன? வெளியே நின்று பார்க்கிறது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற பழமொழி உள்ளே போக முடியாதவனுக்காகச் சொல்லப்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் ஜில்லாவிலேயே 1897இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள் என்று பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு? 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயரோடு கக்கன் உள்ளிட்டோர் மதுரைக் கோயிலுக்குள் போனபோது ஊரே ரெண்டுபட்டது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. சட்டப்படி நாம் உள்ளே போகலாம் என்றாகி இரண்டே வருசத்தில் கோபுரம் அரசாங்க முத்திரையானது. நம்மைச் சாதி சொல்லி அடையாளம் காட்டுகிற சான்றிதழின் உச்சியில் இருப்பது அந்தக் கோபுரம்தான்.

அப்பத்தாவின் ஒத்தைச் சிங்கத்துக்கு வருகிறேன். எங்கள் கரையில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்போம். அலை குறைவு, அதனால் பெண்கடல் என்றும் சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல், ஆண்கடல். இந்தப் பெண்கடலுக்கு அந்தக் கரையில் 1972இல் இலங்கை குடியரசானபோது புது இலச்சினை செய்தார்கள். மாப்பலகம விபுலசார என்ற பிக்கு அமைத்தது. நடுவில் வாளேந்திய சிங்கம், அதைச் சுற்றித் தாமரை இதழ், பூரண கும்பம், அதிலிருந்து எழும் நெற்கதிர், கீழே சூரியனும் சந்திரனும். எல்லாவற்றுக்கும் மேலே தம்மச் சக்கரம்.

கவனித்தீர்களா? நம்மவர்கள் இறக்கிவைத்த சக்கரத்தையும் தாமரையையும் அவர்கள் விடவில்லை. சக்கரம் அசோகன் வைத்த இடத்திலேயே, சிங்கத்துக்கு மேலே இருக்கிறது. ஆனால் அடியில் நிற்கிற சிங்கத்தின் கையில் வாள். அசோகன் கலிங்கத்துக்குப் பிறகு கீழே போட்டது அந்த வாளைத்தான். அதே 1972 அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அந்தக் காகிதம்தான் தேயிலை கிள்ளிய அப்பத்தாவை நீ எங்க ஆள் இல்லை என்று கப்பலேற்றியது. இன்றைக்கும் வடகடலில் எல்லை தெரியாமல் வலை இழுக்கிற எங்கள் பக்கத்து மீனவன் ரோந்துப்படகின் கொடியில் முதலில் பார்ப்பது அந்த வாளைத்தான். அங்கே சக்கரம் மேலே இருந்தும் வாள் இறங்கவில்லை. ஆகவே சக்கரத்தை மேலே தூக்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எங்க அய்யா சொன்னதுதான். சுமக்கிறவன் வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும், உண்மையில் சுமக்கிறானா, சும்மா தலையில் வைத்திருக்கிறானா என்று.

2022 ஜூலை 11 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் வெண்கலச் சிங்கங்களைத் திறந்துவைத்தார்கள். ஆறரை மீட்டர் உயரம், 9500 கிலோ. சாரநாத் சிங்கம் சாந்தமாக இருக்கும், இது பல்லைக் காட்டி உறுமுகிறது என்று எதிர்க்கட்சிகள் கத்தின. கீழிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று அரசாங்கம் பதில் சொன்னது. பல்லைப் பற்றி ஒரு வாரம் சண்டை. தலை காலியாக இருப்பதைப் பற்றி யாரும் பேசியதாக நான் படிக்கவில்லை. அய்யா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தொலைக்காட்சியில் காட்டிக் கேட்டிருப்பேன்.

கீழிருந்து பார்ப்பதால் என்று சொன்னார்களே, அது சரிதான். நாம் எப்போதும் அங்கிருந்துதான் பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் எங்கள் கடற்கரை இருக்கிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபன்னி வரைக்கும் என்று அது சொல்கிறது. தாம்பரபன்னி என்றால் இலங்கை. பாண்டிய நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவில் இருப்பது நாங்கள்தானே. இவையெல்லாம் அவன் ஆட்சிக்கு வெளியே இருந்த நாடுகள். படையனுப்பியதாக அந்தக் கல்வெட்டில் இல்லை. மனுசருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்தேன், மூலிகை இல்லாத இடத்தில் கொண்டுவந்து நட்டேன், பாதையோரம் கிணறு வெட்டி மரம் வைத்தேன் என்று சொல்கிறான். 1927 மார்ச் 20இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது இந்தக் கிணறுகளின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் குடிநீர்த் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதன் வயிற்றில் கோபுரமும் சிங்கமும் பெயிண்டில் வரைந்திருக்கிறது. தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருதரம் வரும், வரும்போது ஊருக்குள் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குழாய்க்கு. மற்ற நாளில் எங்கள் பொம்பளைகள் அப்பத்தா காலத்தில் போன மாதிரியே மணலில் ஊத்துத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றி, தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் ஊத்திலிருந்து வந்த என் தங்கச்சி தொட்டியடியில் குடத்தை இறக்காமலே நின்று மூச்சு வாங்கினாள்.